மருந்துக் கொட்டிலும் பிள்ளைகள் படிக்கும் மேசையும்

கறையானுக்கு மருந்து அடிப்பது, எலியை அடக்குவது, கூரைக்குள் குடியேறிய மரநாயை வெளியேற்றுவது, விடுதி அறைகளில் மூட்டைப்பூச்சி ஒழிப்பது. திருகோணமலையில் எங்கள் குடும்பத்துக்குச் சோறு போடுவது இந்த வேலைகள்தான். மாமா, அதாவது என் கணவரின் அப்பா, தம்பலகாமத்து வயல்களில் முதுகில் டாங்கியைக் கட்டிக்கொண்டு மருந்து அடித்தவர். டவுனில் வீடு கட்டுகிறவர்கள் கறையானுக்குக் கூப்பிடத் தொடங்கியதும் வயலை விட்டு வீடுகளுக்கு வந்தார். கிண்ணியாப் பாலம் 2009இல்தான் திறந்தது. அதற்கு முந்திய காலத்தில் டாங்கியையும் தூக்கிக்கொண்டு பாதை என்ற மிதவைப் படகில் ஏறி அக்கரைக்குப் போய் வேலை செய்த கதைகளை இப்போதும் சொல்வார். இன்றைக்குக் களத்தில் நிற்பது என் கணவரும் அவருடைய தம்பியும். போன், கணக்கு, வீடு பார்த்து விலை சொல்வது எல்லாம் என் பக்கம். பிள்ளைகள் இரண்டு பேர். மூத்தவள் ஒன்பதாம் ஆண்டு, இளையவன் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கிறான்.

இந்தத் தொழிலைத் தொடங்க நினைக்கிறவர்கள் என்னிடம் கேட்பது எந்த மெசின் நல்லது, மருந்து எங்கே வாங்குவது, ஒரு வீட்டுக்கு எவ்வளவு கேட்கலாம் என்பதைத்தான். சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு எப்படிச் சமாளிப்பது என்று கேட்டவர்கள் குறைவு. மெசின் பழுதானால் திருத்தலாம். கஷ்டம் எல்லாம் தொழிலுக்கும் வீட்டுக்கும் நடுவில் எங்கே கோடு போடுவது என்பதில்தான்.

முதல் கோடு மருந்து. மாமாவின் காலத்தில் மருந்துப் போத்தல் கட்டிலுக்கடியில் இருக்கும். அன்றைக்கு எல்லா விவசாயி வீட்டிலும் அப்படித்தான். நான் கலியாணம் முடித்து வந்து மூத்தவள் தவழத் தொடங்கியதும், வளவின் பின்மூலையில் சீமெந்துக் கல்லால் ஒரு கொட்டில் கட்டச் சொன்னேன். கிணற்றிலிருந்து தள்ளி, காற்றோட்டமாக, தகரக் கதவு, பூட்டு. திறப்பு இரண்டே பேரிடம். பிள்ளைகளின் பந்து அதன் பக்கம் உருண்டால்கூட அவர்கள் எடுக்கப் போகமாட்டார்கள், எங்களைத்தான் கூப்பிடுவார்கள். கொட்டில் கட்டும் காசுக்கு இன்னொரு டாங்கி வாங்கலாமே என்று அப்போது வீட்டில் கொஞ்சம் முணுமுணுப்பு இருந்தது. நான் விடவில்லை.

கொட்டிலுக்குள் ஒரே ஒரு சட்டம்: மருந்து அது வந்த போத்தலை விட்டு வேறு போத்தலுக்குப் போகக் கூடாது. சோடாப் போத்தலில் பாதி ஊற்றி எடுத்துக்கொண்டு போவது இந்தத் தொழிலில் பரவலாக நடக்கிற காரியம். வேலை முடிந்து மிச்சத்தை வாடிக்கையாளரே கேட்பார், "கொஞ்சம் தந்துட்டுப் போங்க தம்பி, எறும்புக்கு அடிக்க" என்று. கொடுப்பதில்லை. ஒரு வாடிக்கையாளர் வீட்டில், வேறு யாரோ கொடுத்துவிட்டுப் போன மருந்து சோடாப் போத்தலில் குசினி யன்னலில் இருந்ததை நானே பார்த்தேன். அந்த வீட்டில் ஓடித்திரிகிற வயதில் இரண்டு குழந்தைகள். அன்றைக்கு விலை சொல்ல முன்னமே அந்தப் போத்தலைப் பற்றித்தான் கதைத்தேன்.

லேபிள் கிழியாமல் இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஏதாவது நடந்தால் ஆஸ்பத்திரியில் முதலில் கேட்பது என்ன மருந்து என்பதைத்தான். மருந்துக்கு மருந்து சிகிச்சை மாறும். எலிப் பாஷாணத்தில் இப்போது கூடுதலாகப் புழங்குவது புரோமடியோலோன், புரோடிபாகூம் போன்ற இரத்தம் உறையவிடாத வகை. அதை ஒரு பிள்ளை வாயில் போட்டால் அன்றைக்கும் அடுத்த நாளும் ஒன்றும் தெரியாது. பிள்ளை ஓடியாடி விளையாடும். இரத்தப்போக்கு நாட்கள் கழித்துத்தான் தொடங்கும். அதனால் "நல்லாத்தானே இருக்கிறான்" என்று வீட்டில் வைத்துப் பார்க்காமல், பொதியையும் எடுத்துக்கொண்டு உடனே போக வேண்டும். விற்றமின் கே1 என்ற மாற்று மருந்து இருக்கிறது. கொழும்புத் தேசிய வைத்தியசாலையில் தேசிய நஞ்சுத் தகவல் நிலையமும் இருக்கிறது. டொக்டர்மாரே அங்கே கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். எலிக்கு வைக்கும் கட்டியைத் திறந்த தட்டில் வைக்கவே மாட்டோம். பூட்டுப் பெட்டிக்குள்தான். பிள்ளையோ நாயோ பூனையோ உள்ள வீடென்றால் பெட்டியையும் கூரைக்குள் வைத்துவிடுவோம்.

அப்புறம் உடுப்பு. வேலை உடுப்புக்குத் தனி வாளி, தனிக் கொடி. பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையோடு அது ஒருநாளும் சேராது. கணவர் வந்ததும் வீட்டுக்குள் நுழையாமல் நேரே கிணற்றடிக்குப் போவார். சவர்க்காரம் போட்டுக் குளித்து, சாரம் மாற்றிய பிறகுதான் உள்ளே. இளையவன் சின்ன வயதில் வாகனச் சத்தம் கேட்டதும் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொள்ளப் பார்ப்பான். அவனைப் பிடித்து வைத்திருப்பது அப்பம்மாவின் வேலை. அவன் கத்துவான், அவர் கிணற்றடியில் நின்றபடி "வாறன் வாறன்" என்று பதில் கொடுப்பார். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். எனக்கு அந்த வருடங்களில் அது கொஞ்சம் வலியாகத்தான் இருந்தது. ஆனாலும் நாங்கள் ஒருநாளும் விதியைத் தளர்த்தவில்லை.

இரண்டாவது கோடு போன். இரவு அழைப்புகள் வந்தபடி இருக்கும். எலியும் மரநாயும் இருட்டில்தான் நடமாடும், மனுசரும் இருட்டில்தான் பயப்படுவார்கள். தொடக்கத்தில் ஒவ்வொரு அழைப்புக்கும் கணவர் எழும்பிப் போவார். பிள்ளைகளும் எழும்பிவிடுவார்கள், காலையில் வகுப்பில் தூங்கி வழிவார்கள். இரவில் போனை நான் எடுக்கத் தொடங்கியபிறகுதான் ஒன்று விளங்கியது: நாலு கேள்வி ஒழுங்காகக் கேட்டால் பெரும்பாலான அழைப்புகள் விடியும்வரை பொறுக்கும்.

கூரைக்குள் சத்தம் என்றால் முதலில் எத்தனை மணிக்கு என்று கேட்பேன். பகலில் ஓடினால் அணில். இரவு முழுக்கச் சரசரவென்று மெல்லிய ஓட்டமும், மரத்தைக் கரண்டும் சத்தமும் என்றால் எலி. இருட்டிய கையோடு ஒருமுறை, விடியப்புறம் ஒருமுறை பாரமான ஆள் நடப்பதுபோல் தொம் தொம் என்று கேட்டால் அநேகமாக மரநாய்; இரை தேடிப் போகும்போதும் திரும்பி வரும்போதும். சீலிங்கில் ஈரக்கறை, நாற்றம், பழக்கொட்டை கலந்த எச்சம் இருந்தால் சந்தேகமே இல்லை. இதில் எதற்கும் இரவில் ஏணி வைத்து ஏறத் தேவையில்லை. "அது உங்களுக்கு மேலே இருக்கிறது, கீழே வராது, படுங்க அக்கா" என்று சொல்லிவிட்டு, காலையில் எட்டு மணிக்குப் பிறகு வருவதாக நேரம் கொடுப்பேன். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்ட பிறகு என்று சொல்வதில்லை, உண்மை அதுதான் என்றாலும்.

மரநாய் விஷயத்தில் அவசரப்பட்டு ஓட்டையை அடைப்பதுதான் பெரிய கெடுதல். குட்டி உள்ளே இருந்தால் தாய் வெளியிலிருந்து கூரை ஓடுகளைப் பெயர்த்துக்கொண்டு வரும். அல்லது குட்டிகள் உள்ளே செத்து, அந்த நாற்றம் கிழமைக்கணக்கில் இருக்கும். போய்வரும் வழியில் சாம்பலோ மாவோ தூவிவைத்தால் காலடி தெரியும். எது, எப்போது, எந்தப் பக்கமாகப் போகிறது என்று பார்த்து, குட்டிச் சத்தம் இல்லை என்று உறுதியான பிறகு, இரவில் அது வெளியேறியதும் அந்தப் பாதையைக் கம்பிவலையால் மூடுவோம். கூரைக்கு மேல் சாய்ந்த மாங்கொப்பு, முருங்கைக்கொப்பை வெட்டச் சொல்வோம். கொப்பை வெட்டாமல் வலை அடித்தால் அது வேறு ஓட்டை தேடும். வாடிக்கையாளருக்கு வலைக்குக் காசு கொடுக்க மனம் வரும், மாங்கொப்பை வெட்டத்தான் வராது.

பாம்பு அழைப்பு வேறு விதம். அதற்கு மட்டும் போனை வைக்கவே மாட்டேன். பாம்பு எந்த அறையில், யாருக்காவது கடித்திருக்கிறதா, பிள்ளைகள் எங்கே? கடித்திருந்தால் 1990, சுவசெரிய அம்புலன்ஸ், அது இலவசம். கட்டுப்போட்டு இறுக்குவது, கீறுவது, உறிஞ்சுவது ஒன்றும் வேண்டாம். கடிபட்டவரை நடக்கவிடாமல் நேரே ஆஸ்பத்திரிக்கு. கடிக்கவில்லை என்றால் அந்த அறைக் கதவைச் சாத்தி, கீழிடுக்கில் ஈரச்சாக்கைத் திணித்துவிட்டு, 1992க்கு எடுக்கச் சொல்வேன். அது வனஜீவராசிகள் திணைக்களத்தின் இலக்கம். காட்டுயிரைப் பிடித்துக்கொண்டுபோய் வேறு இடத்தில் விடுவது எங்கள் வேலை இல்லை. 1937இல் வந்த வனஜீவராசிகள், தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பல தடவை திருத்தப்பட்டு இன்றும் நடைமுறையில் இருக்கிறது. பாம்பு பிடிக்கிற ஆளாகப் பெயர் எடுத்தால் விளம்பரம் நல்லாத்தான் இருக்கும். இரண்டு பிள்ளைகளின் அப்பாவுக்கு அது வேண்டாம் என்று நாங்களே பேசி முடிவெடுத்தோம். எங்களுக்குக் காசு தருவது அதற்கு அடுத்த நாள் வேலை. பாம்பு ஏன் வந்தது? எலிக்கும் தவளைக்கும் வந்தது. வளவில் குவித்த ஓடும் பலகையும் தூக்கப்பட வேண்டும், கதவுக்குக் கீழே உள்ள இடைவெளிக்கு ரப்பர் பட்டி போட வேண்டும், கழிவுநீர்க் குழாய்க்கு வலை வேண்டும். கார்பொலிக் அசிட் தெளித்தால் பாம்பு அண்டாது என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். பாம்பைவிட அது பிள்ளையின் தோலை எரிக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

எங்கள் வீட்டிலேயே ஒரு பழக்கம்: யாரும் நிலத்தில் பாய் போட்டுப் படுப்பதில்லை. எண்ணெய் விரியன் இரவில் வீட்டுக்குள் வரும் பாம்பு. அதன் கடி பல நேரம் வலிப்பதுமில்லை, வீங்குவதுமில்லை. ஆள் வயிற்றுவலி என்று எழும்பும்போதோ கண்ணிமை தொங்கும்போதோதான் தெரியும். கட்டில், மெத்தைக்கடியில் செருகிய நுளம்பு வலை. டெங்குக்கும் சேர்த்துத்தான் என்று பிள்ளைகளிடம் சொல்வோம். ஆனால் டெங்கு நுளம்பு கூடுதலாகக் கடிப்பது பகலில்தான் என்று மகள் திருத்துவாள்.

டெங்கு என்றதும் 2017 ஞாபகம் வருகிறது. அந்த வருடம் நாடு முழுக்க 1,86,000க்கு மேல் நோயாளர்கள். எங்கள் மாவட்டத்தில் கிண்ணியா கடுமையாக அடிபட்டது. "புகை அடிக்க வாங்க" என்று போன் ஓயவில்லை. புகை பறக்கிற நுளம்பைத்தான் கொல்லும். தண்ணீரில் கிடக்கும் குடம்பிக்கு ஒன்றும் ஆகாது, ஒரு கிழமை பத்து நாளில் அடுத்த கூட்டம் கிளம்பிவிடும். இதைச் சொன்னால் சிலர் வேறு ஆளைத் தேடிப் போனார்கள். போகட்டும். கிண்ணியாவில் ஒரு தாத்தா (முஸ்லிம் அக்காமாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) மட்டும் "அப்ப என்ன செய்ய, சொல்லுங்க தங்கச்சி" என்று கேட்டார். கூரைப் பீலி, பூச்சாடித் தட்டு, பிரிட்ஜுக்குப் பின்னால் உள்ள தட்டு, பாவிக்காத கழிவறைத் தொட்டி, பழைய டயர் என்று போனிலேயே வீட்டைச் சுற்றிவரச் சொன்னேன். அதற்குக் காசு எடுக்கவில்லை. ஆனால் அந்தத் தெருவில் பிறகு வந்த கறையான் வேலை எல்லாம் அவர் வாயால் வந்ததுதான்.

மூன்றாவது கோடு, எந்த வேலையை எடுப்பதில்லை என்பது. இங்கே கறையான் வேலைதான் பெரிய வேலை, பெரிய காசும். புதுவீடு என்றால் அத்திவாரத்து மண்ணுக்கு மருந்து, பழைய வீடென்றால் சுவரோரமாகத் துளைபோட்டு மருந்தை இறக்குவது. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் மணல் தரை. ஊற்றியது நில்லாது, இறங்கிப் போகும். அநேக வீடுகளில் கிணறு குசினிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கிணற்றோரச் சுவரில் துளைபோடச் சொல்லிக் கேட்டால் முடியாது என்றுதான் சொல்வோம். "எல்லாரும் செய்றாங்க, நீங்க மட்டும் என்ன" என்று சண்டை பிடித்தவர்களும் உண்டு. அந்தப் பக்கத்துக்கு மட்டும் மண்கூட்டை உடைத்து, மரத்துக்கு நேரே பூசி, தின்ற கதவுநிலையைக் கழற்றி முதிரை மரமோ பாலை மரமோ போடச் சொல்வோம். வைரம் பாய்ந்த முதிரையைக் கறையான் லேசில் தொடாது. எங்கள் பிள்ளைகள் குடிப்பதும் கிணற்றுத் தண்ணீர்தான் என்று சொன்னால் பெரும்பாலானவர்கள் அடங்கிவிடுவார்கள். பதிவில்லாத மருந்து எவ்வளவு மலிவாக வந்தாலும் வாங்குவதில்லை. 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருக்கிறது, பீடைகொல்லிப் பதிவாளர் இருக்கிறார். லேபிளில் பதிவிலக்கம் இல்லாத போத்தலில் உள்ளே என்ன என்று யாருக்குத் தெரியும்?

மான், குரங்கு வேலையும் எடுப்பதில்லை. பிரெட்றிக் கோட்டையிலிருந்து டவுன் வரைக்கும் புள்ளிமான்கள் தாராளமாக நடமாடும் ஊர் இது. செவ்வரத்தையைத் தின்றுவிட்டது, ஏதாவது மருந்து இருக்கிறதா என்று கேட்பார்கள். வேலி போடுங்கள், குப்பையில் பொலித்தீன் போடாதீர்கள், அதைத்தான் மான் தின்று சாகிறது என்போம். குரங்குக்கும் அதே பதில். 2025 மார்ச் 15 காலை எட்டு மணிக்கு ஐந்து நிமிடம் நாடு முழுக்கக் குரங்கும் மயிலும் எண்ணச் சொன்னார்களே, அன்றைக்கு இளையவன் கொப்பியோடு கொல்லையில் நின்றான். ஒரு குரங்கும் வரவில்லை. அதற்கு முந்தின கிழமைதான் எங்கள் கூரைத்தகட்டில் கூட்டமாக ஓடி எங்களைத் தூங்கவிடாமல் அடித்தவை அவை.

வேலையின் காலமும் பிள்ளைகளின் காலமும் பொருந்தவே பொருந்தாது. கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் வெள்ளைக்காரர் வருவார்கள். விடுதிகள் நிறைந்து மூட்டைப்பூச்சி வேலை குவியும். முட்டை பொரிக்க ஒரு கிழமைக்கு மேல் ஆகும் என்பதால் இரண்டு கிழமையில் மறுபடி போகாத மூட்டைப்பூச்சி வேலை வீண். அந்த இரண்டாவது வருகையை முதல் விலையிலேயே சேர்த்துச் சொல்லிவிட வேண்டும், பிறகு கேட்டால் தரமாட்டார்கள். பள்ளிக்கூட விடுமுறை வரும் ஆகஸ்டில்தான் நமக்கு மூச்சுவிட நேரமிருக்காது. ஐப்பசியில் மழை தொடங்கி, முதல் மழைக்கு ஈசல் பறந்ததும் கறையான் அழைப்பு தொடங்கும். வெளியே லைட்டுக்கு வரும் ஈசலைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வீட்டுக்குள் சுவர் வெடிப்பிலிருந்து ஈசல் கிளம்பினால்தான் கூப்பிட வேண்டும். வாடை பிடித்து மழை விடாமல் அடிக்கும் மார்கழியில் மண்ணுக்கு மருந்து நில்லாது, வேலை படுத்துவிடும். எங்களுடைய குடும்ப விடுமுறை அப்போதுதான். மழையில் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போய்ச் சுடுதண்ணீரில் குளித்துவிட்டு வருவோம்.

2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டால் எண்ணெய் வரிசையும் கியூஆர் குறியீட்டைப் பார்த்து அளந்து கொடுக்கும் கோட்டாவும் வந்தபோது வேறு வழியில்லாமல் ஒரு நாளைக்கு ஒரே பக்கம் என்று வேலையைப் பிரித்தோம்: ஒரு நாள் கிண்ணியா, மூதூர்; ஒரு நாள் நிலாவெளி, குச்சவெளி; ஒரு நாள் டவுன், சீனக்குடா. கோட்டா போன பிறகும் அதை மாற்றவில்லை. டவுன் நாளில் அப்பா பின்னேரம் வீட்டில் இருப்பார் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். கணக்குப் பாடம் அன்றைக்குத்தான்.

காசு விஷயத்தில் இரண்டு சொல்ல வேண்டும். கொழுந்தனுக்கு மாதச் சம்பளம் சம்பளமாகவே போகிறது. "நம்ம தம்பிதானே, பிறகு பார்ப்போம்" என்று ஒரு மாதம் விட்டால் அது கலியாண வீட்டில் சண்டையாக வந்து நிற்கும். விடுதிகளிடம் பாதிக் காசு முன்பணமாக வாங்கிவிடுங்கள். சீசன் முடிந்து பூட்டிய விடுதி ஒன்றின் பில்லுக்கு நான் அலைந்த அலைச்சலில் மகளின் ரியூசன் காசு கட்டப் பிந்தியது.

பிள்ளைகளை வேலைக்கு எடுப்பீர்களா என்று கேட்பார்கள். மருந்து இருக்கும் இடத்துக்கு இல்லை. மூத்தவள் சிங்களத்தில் வரும் வட்ஸ்அப் செய்திகளுக்கு என்னைவிட வடிவாகப் பதில் எழுதுவாள், லீவு நாட்களில் பில் எழுதுவாள். அதற்குச் சின்னத் தொகை ஒன்று அவளுடைய வங்கிப் புத்தகத்தில் போகும். இளையவனுக்கு வாடிக்கையாளர் அனுப்பும் படத்தைப் பார்த்து என்ன பூச்சி என்று சொல்வதில் பைத்தியம். கறையானின் ஈசலுக்கு நாலு இறகும் ஒரே நீளம், எறும்பின் ஈசலுக்கு முன்னிறகு நீளம் என்று கண்டுபிடித்துச் சொல்வான். சரியாகத்தான் சொல்வான். ஆனால் பரீட்சை முடியும்வரை போன் அவன் கைக்குப் போவதில்லை.

மகளுக்கு இந்தத் தொழிலில் ஒரு கூச்சமும் இருக்கிறது. வாகனத்தின் பக்கத்தில் பெரிய கரப்பான் படம் போட்டிருக்கிறோம். ஏழாம் ஆண்டில் வகுப்பில் யாரோ அதை வைத்துப் பட்டம் வைத்தார்கள். பேசிப் பார்த்தோம், ஆசிரியையும் பேசினார், பட்டம் அடங்கியது. கூச்சம் போகவில்லை. இப்போதும் என் கணவர் அவளைப் பள்ளிக்கூட வாசலில் இறக்குவதில்லை, ஒரு சந்தி முந்தியே இறக்கிவிட்டு வந்துவிடுவார். படத்தை அழிக்கலாமா என்று ஒருமுறை கேட்டார். அதைப் பார்த்து வரும் அழைப்புகள் எத்தனை என்று கணக்குக் கொப்பியை எடுத்து அவளே காட்டினாள். படம் இருக்கிறது, வாகனமும் சந்தியில்தான் நிற்கிறது.